ஒரு குடல் நோயும் உதிர்ந்துபோன கட்டளைகளும்

1960களின் நடுவில் இங்கிலாந்தில் ஒருவருக்கு இடப்பக்க அடிவயிற்றில் வலியும் காய்ச்சலும் கண்டு, டைவர்டிகுலைட்டிஸ் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீடு திரும்பும்போது பத்தியப் பட்டியல் ஒன்றும் கூடவே வரும். தோலோடு காய்கறி கூடாது, முழுக்கோதுமை ரொட்டி கூடாது, விதையும் கொட்டையும் சக்கையும் கூடவே கூடாது. சலித்து, வேகவைத்து, மசித்ததைத்தான் சாப்பிட வேண்டும். புண்பட்ட குடலுக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பத்தாண்டு கழிவதற்குள் அதே நாட்டு மருத்துவர்கள் அதே நோயாளிகளைக் கோதுமைத் தவிட்டைக் கரண்டிக் கணக்கில் சாப்பிடச் சொன்னார்கள்.

ஒரு நோயின் பத்தியம் இப்படித் தலைகீழாவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதல்ல. இந்த நோயிலோ அது தொடக்கம்தான். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் விதைக்குப் போட்ட தடை போனது. இரண்டு முறை வலி வந்தால் அறுவை சிகிச்சை என்ற விதி போனது. நோய் என்று தெரிந்த மறுநிமிடமே ஆன்டிபயாட்டிக் என்ற வழக்கம் ஆட்டம் கண்டது. தவிடே மருந்து என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. இவற்றில் ஒன்றுகூட முட்டாள்தனமான யோசனை அல்ல. எல்லாமே கேட்ட மாத்திரத்தில் நியாயமாகப் பட்டவை. அதனால்தான் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றாமல், பல கட்டளைகள் ஒரு தலைமுறைக்கு மேல் நோயாளிகளை ஆண்டன. இந்த நோயின் வரலாற்றை இன்று புரட்டிப் பார்க்க வேண்டிய காரணமும் அதுதான்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். பெருங்குடலின் சுவரில் தசைப் படலம் உண்டு. அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டு இரத்தக்குழாய்கள் உட்புறம் நுழையும் இடங்களில் சுவருக்குப் பலம் சற்றுக் குறைவு. வயது ஏறும்போது, தேய்ந்த சைக்கிள் டயரின் கிழிசல் வழியாக ட்யூப் பிதுங்குவதுபோல, அந்த இடங்களில் குடலின் உட்சவ்வு வெளியே பிதுங்கிச் சிறுசிறு பைகளாகிறது. மேலை நாடுகளில் அறுபதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தப் பைகள் இருக்கும். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை; வேறு எதற்கோ குடலைப் பார்க்கும்போது தற்செயலாகத் தெரியவரும். அந்தப் பைகளில் ஒன்று அழற்சி கண்டு, வலியும் காய்ச்சலுமாக வெளிப்படும்போதுதான் அது டைவர்டிகுலைட்டிஸ். பை இருப்பது வேறு, பை அழற்சி காண்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியதில்தான் பின்னாளில் பல குழப்பங்கள் முளைத்தன.

பிரெஞ்சு நோய்க்கூற்றியல் அறிஞர் ழான் க்ருவேயே 1849இல் இந்தப் பைகளைத் தெளிவாக விவரித்தார். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில், தசைகளுக்கு இடையே உட்சவ்வு பிதுங்கியிருப்பதையும் அதில் கெட்டிப்பட்ட மலம் தங்கியிருப்பதையும் பிணப் பரிசோதனை மேசையில் கண்டு எழுதினார். ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு இது ஓர் அபூர்வக் காட்சியாகவே கருதப்பட்டது. 1899இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் கிராசர், பைகளைச் சுற்றி உண்டாகும் அழற்சி குடலைச் சுருக்கி அடைத்துவிடக்கூடும் என்று காட்டினார். 1904இல் நியூயார்க்கின் எட்வின் பீர், பையின் வாயில் மலம் அடைத்துக்கொள்வதே அழற்சிக்குக் காரணம் என்றார். 1907இல் வில்லியம் மேயோவும் சகாக்களும் நோயுற்ற குடல் பகுதியை வெட்டியெடுத்துச் சிகிச்சை செய்ததைப் பதிவுசெய்தார்கள். 1917இல் டெல்லிங், குரூனர் என்ற இரு பிரித்தானியர்கள் எழுதிய நீண்ட கட்டுரை வந்தபோது, இது பாடப்புத்தகத்தில் இடம்பிடிக்க வேண்டிய நோய் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

ஒரு நோய் அரிதாக இருந்து பெருகியதா, அல்லது முன்பே இருந்ததைக் காணும் கண் நமக்கு அப்போதுதான் வாய்த்ததா? வரலாற்றில் எப்போதும் எழும் கேள்வி இது. பேரியம் கரைசலை ஆசனவாய் வழியாகச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறை முதல் உலகப்போர் காலத்தில் தொடங்கி அடுத்த பத்தாண்டுகளில் பரவியது. படத்தில் வெள்ளைக் குடலின் ஓரத்தில் வெள்ளைக் குமிழ்களாகப் பைகள் தொங்கின. இறந்தவர் உடலில் மட்டும் தெரிந்தது இப்போது உயிரோடு இருப்பவரிடம் தெரிந்தது. எண்ணிக்கை ஏறியதில் கருவியின் பங்கு கொஞ்சம் உண்டு. ஆனாலும் பிணப் பரிசோதனையில் பழுத்த அனுபவம் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள், இருபதாம் நூற்றாண்டில் கண்ட அளவுக்குப் பைகளைக் கண்டிருந்தால் குறித்து வைக்காமல் விட்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

பைகள் ஏன் உண்டாகின்றன என்பதை அளந்து பார்க்கத் துணிந்தவர் நீல் பெயிண்டர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். 1960களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வை இன்று படித்தாலும் வியப்பு வருகிறது. நோயாளியின் சிக்மாய்டுக்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பல இடங்களில் ஒரே நேரத்தில் அழுத்தத்தைப் பதிவுசெய்தார்கள். எக்ஸ்ரே அசைபடத்தில் குடலின் நெளிவையும் பார்த்தார்கள். குடல் அடுத்தடுத்த இரண்டு இடங்களில் இறுகிக்கொள்ளும்போது இடையில் ஒரு மூடிய அறை உண்டாகிறது. அந்த அறைக்குள் அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. உட்சவ்வை வெளியே தள்ளுவது இந்த அழுத்தம்தான் என்றார் பெயிண்டர். குடலின் குறுகலான பகுதி சிக்மாய்டு. குடல் எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்கு உள்ளழுத்தம் கூடும் என்பது இயற்பியல். உள்ளே பொருள் நிறைய இருந்தால் குடல் முழுவதாக மூடிக்கொள்ள முடியாது, அழுத்தமும் எகிறாது. மார்ஃபின் இந்த அழுத்தத்தை ஏற்றுகிறது, பெத்திடின் குறைக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது. வலிக்காக வழக்கமாகப் போட்டுவந்த ஊசியே குடலை மேலும் நெரித்திருக்கிறது.

பொருள் நிறைந்த குடலுக்கு அழுத்தம் குறைவு என்றால், சக்கை நீக்கிய பத்தியம் நோயாளிக்கு எதிராக அல்லவா வேலை செய்திருக்கும்? இந்த இடத்தில்தான் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு குரல் வந்து சேர்ந்தது.

டெனிஸ் பர்கிட் 1911இல் வடக்கு அயர்லாந்தின் என்னிஸ்கில்லனில் பிறந்தவர். சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவில் அறுவை மருத்துவராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, குழந்தைகளைத் தாக்கும் ஒரு நிணநீர்ப் புற்றுநோயை 1958இல் விவரித்தார். அந்த நோய் இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. 1966இல் இங்கிலாந்து திரும்பியவருக்குக் கடற்படை மருத்துவர் டி.எல். கிளீவின் எழுத்து அறிமுகமாயிற்று. இரண்டாம் உலகப்போரில் கிங் ஜார்ஜ் ஐந்து என்ற போர்க்கப்பலில் மாலுமிகளின் மலச்சிக்கலுக்கு மூட்டை மூட்டையாகத் தவிடு ஏற்றிவரச் செய்தவர் கிளீவ். தீட்டிய மாவும் வெள்ளைச் சர்க்கரையுமே நவீன நோய்கள் பலவற்றுக்கும் வேர் என்பது அவர் கட்சி. பர்கிட்டுக்கு அது சட்டெனப் பிடிபட்டது. ஆப்பிரிக்காவின் மிஷன் மருத்துவமனைகளோடு அவருக்கு ஏற்கெனவே கடிதத் தொடர்பு இருந்தது. எந்த நோய் எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். டைவர்டிகுலைட்டிஸ் அங்கே கிட்டத்தட்டக் கண்ணில் படாத நோய்.

பெயிண்டரும் பர்கிட்டும் 1971இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சேர்ந்து எழுதிய கட்டுரை, இந்த நோயை மேலை நாகரிகத்தின் பற்றாக்குறை நோய் என்றே அறிவித்தது. பற்றாக்குறை எதில்? நார்ச்சத்தில். 1880ஐ ஒட்டி இரும்பு உருளை ஆலைகள் வந்தன. பழைய கல் திருகைகள் முளையையும் தவிட்டின் கணிசமான பங்கையும் மாவோடு விட்டுவைத்தன. உருளைகளோ அவற்றை அடியோடு பிரித்து வெள்ளை மாவை மலிவாக்கின. அந்த மாவைத் தின்று வளர்ந்த தலைமுறைக்கு நடுவயது கடந்தபோது நோய் பெருகியது. காலக்கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த ஆண்டு லான்செட் இதழில் பர்கிட், வாக்கர், பெயிண்டர் மூவரும் வெளியிட்ட அட்டவணை ஒன்று மருத்துவ உலகில் பெயர்பெற்றது. உணவு குடலைக் கடந்துவர எத்தனை மணி நேரம் ஆகிறது, ஒருநாள் மலத்தின் எடை எவ்வளவு என்ற இரண்டே அளவுகள். பிரித்தானியக் கடற்படை வீரர்களுக்கு 83 மணி நேரம், 104 கிராம். உகாண்டா கிராமத்தாருக்கு 36 மணி நேரம், 470 கிராம். இரண்டுக்கும் நடுவில் இருந்த வரிசைகளில் ஒன்று தென்னிந்தியச் செவிலியர்களுடையது: 44 மணி நேரம், 155 கிராம். கலப்பு உணவுக்காரர்கள் என்று அவர்களுக்கு எதிரே குறித்திருந்தார்கள். வேகத்தில் ஆப்பிரிக்கக் கிராமத்துக்கும், எடையில் ஆங்கிலேய மாலுமிக்கும் பக்கத்தில் நின்றது நம் ஊர்க் குடல். பிற்பாடு இந்த விவாதத்தில் உகாண்டாவும் இங்கிலாந்தும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. இடையில் நின்ற இந்த வரிசையை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

1972இல் பெயிண்டர் தன் நோயாளிகள் 70 பேருக்குத் தவிடு கொடுத்துப் பார்த்த அனுபவத்தை எழுதினார். பெரும்பாலோருக்கு வலியும் உப்புசமும் தணிந்தன. பத்தியம் தலைகீழாயிற்று. ஆனால் இந்த 70 பேருக்கு எதிரே தவிடு சாப்பிடாத ஒரு குழு நிறுத்தப்படவில்லை. 1981இல் அந்தக் குறையை நீக்கி 58 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. தவிடு, நம் வீடுகளில் இசப்கோல் என்று வாங்கி வைக்கும் அதே இஸ்பகுலா, வெறும் போலிப்பொருள் என மூன்றையும் ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மலச்சிக்கல் தீர்ந்தது. மற்ற உபாதைகளில் போலிக்கும் தவிட்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்த முடிவு வந்த பிறகும் தவிட்டின் செல்வாக்குக் குறையவில்லை. அழகான கதை ஒன்று ஊன்றிவிட்டால் எண்களால் அதை அசைப்பது கடினம்.

2012இல் வந்த அடி இன்னும் பலமானது. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் கொலோனாஸ்கோபி செய்துகொண்ட 2,104 பேரின் உணவையும் குடலையும் ஆன் பீரியும் சகாக்களும் ஒப்பிட்டார்கள். நார்ச்சத்து அதிகம் உண்டவர்களிடம் பைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. இருந்ததோ சற்று அதிகம். மலச்சிக்கல் உள்ளவர்களிடம் பைகள் கூடுதலாகவும் இல்லை. ஆப்பிரிக்காவில் நோய் தெரியாமல் போனதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற பழைய சந்தேகம் மீண்டும் எழுந்தது: அங்கே முதுமை வரை வாழ்ந்தவர்கள் குறைவு, பேரியம் எக்ஸ்ரே எடுத்தவர்கள் அதைவிடக் குறைவு.

அப்படியானால் பர்கிட் சொன்னது எல்லாம் பொய்யா? இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 47,033 பேரைச் சராசரியாகப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. அவர்களில் மூன்றில் ஒருவர் சைவ உணவுக்காரர். இந்த நோயால் மருத்துவமனையில் சேரவோ இறக்கவோ நேரும் ஆபத்து சைவ உணவுக்காரர்களுக்கு 31 சதவீதம் குறைவு. நார்ச்சத்து கூடக் கூட ஆபத்து குறைந்தது. இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். பைகள் உண்டாவதை நார்ச்சத்து தடுப்பதாக உறுதிசெய்ய முடியவில்லை. உண்டான பைகள் நோயாக மாறுவதைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பர்கிட் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினார். ஸ்வீடனில் இரட்டையர்களிடம் செய்த ஆய்வு, நோய்க்கான காரணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பரம்பரை என்று கணக்கிட்டது. அதையும் அவர் காலத்தில் யாரும் எடை போட்டிருக்கவில்லை.

விதைத் தடையின் கதை இதைவிட விசித்திரம். தக்காளி விதையோ எள்ளோ கடலைத் துணுக்கோ பையின் வாயில் போய் மாட்டிக்கொள்ளும், அதனால் அழற்சி வரும் என்பது தர்க்கம். கேட்டால் யாருக்கும் சரியென்றே படும். பத்தியப் பட்டியலில் தவிடு மேலேறிய பிறகும் விதை மட்டும் தடைப்பட்டியலிலேயே நின்றது. வெள்ளரியின் நடுச்சதையைச் சுரண்டிப் போட்டவர்கள், சோளப்பொரியைத் தொடாதவர்கள், கொய்யாவை வடிகட்டிச் சாறாக மட்டும் குடித்தவர்கள் என்று பல லட்சம் பேர் இந்த விதியோடு வாழ்ந்தார்கள். 2008இல் லிசா ஸ்ட்ரேட் தலைமையிலான குழு, அமெரிக்க மருத்துவத் துறையினரான 47,228 ஆண்களை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை வெளியிட்டது. கொட்டை, சோளம், சோளப்பொரி எதுவும் ஆபத்தைக் கூட்டவில்லை. வாரத்துக்கு இருமுறையாவது கொட்டைகளும் சோளப்பொரியும் உண்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. தடை விதித்தவர்கள் அதற்கு ஒருநாளும் ஆதாரம் காட்டியதில்லை. இன்றும் பல வீடுகளில் விதை நீக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நோயைக் கண்டறிவதிலும் இதே பாடம் இருக்கிறது. இடப்பக்க அடிவயிற்று வலி, காய்ச்சல், அழுத்தினால் கூடும் நோவு, இரத்தத்தில் வெள்ளணுக்களின் ஏற்றம் ஆகியவற்றைக் கொண்டு கைதேர்ந்த மருத்துவர் நோயைச் சொல்லிவிடுவார் என்று நீண்டகாலம் நம்பினோம். லண்டனில் 1971இல் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. 1980களில் அது வயிற்றுக்கு வந்தபோது, கையும் காய்ச்சலும் சொன்னதில் கணிசமானவை தவறு என்று தெரிந்தது. சி.டி. படத்தில் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு சீரான கறுப்பாகத் தெரிய வேண்டும். அழற்சி வந்தால் அதில் சாம்பல் நிறக் கீற்றுகள் படரும். குடல் சுவர் தடித்திருக்கும். பை வெடித்திருந்தால் குடலுக்கு வெளியே காற்றுக் குமிழ் கறுப்புப் புள்ளியாக நிற்கும். சீழ்க்கட்டி இருந்தால் அதன் அளவுகூடத் தெரியும். கட்டியை வயிற்றைத் திறக்காமலே ஊசிவழிக் குழாய் விட்டு வடிக்கவும் இந்தப் படமே வழிகாட்டுகிறது. மான்ட்ரியலின் ஜான் ஹின்சி 1978இல் வகுத்த நான்கு நிலைகள், குடலை ஒட்டிய சீழ்க்கட்டியில் தொடங்கி வயிற்றறை முழுக்க மலம் பரவும் நிலையில் முடிகின்றன. சற்றே திருத்தப்பட்டு இன்றும் வழக்கில் உள்ளன.

ஸ்கேன் இன்னொன்றையும் காட்டியது. ஜப்பான், கொரியா, ஹாங்காங், சிங்கப்பூர் போன்ற இடங்களில் பைகள் பெரும்பாலும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் உண்டாகின்றன. அங்கே அழற்சி வந்தால் வலி அச்சு அசலாக அப்பெண்டிசைட்டிஸ்போல இருக்கும். குடல்வாலை எடுக்க வயிற்றைத் திறந்து, வால் நன்றாக இருப்பதைக் கண்டு திகைத்த அறுவை மருத்துவர்கள் ஆசியாவில் ஏராளம். வலப்பக்க நோய் பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். முன்கூட்டியே படம் எடுத்தால் கத்தி தேவைப்படாது. ஹவாய்க்குக் குடியேறிய ஜப்பானியரைப் பற்றிய 1973ஆம் ஆண்டு பிணப் பரிசோதனை ஆய்வு ஒன்று, மேலை உணவுக்கு மாறியவர்களிடம் பைகள் மிகப் பெருகியிருந்தும் அவை வலப்பக்கத்திலேயே நின்றதைக் காட்டியது. எண்ணிக்கையை மாற்றிய வாழ்க்கைமுறையால் பக்கத்தை மாற்ற முடியவில்லை.

கத்தியின் வரலாறு படிப்படியாகப் பின்வாங்கிய வரலாறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குடல் வெடித்தவருக்கு மூன்று கட்ட அறுவை: முதலில் மலத்தை வயிற்றின் வழியே வெளியேற்றும் கொலாஸ்டமி, பிறகு நோயுற்ற பகுதியை நீக்குதல், பிறகு கொலாஸ்டமியை மூடுதல். 1921இல் பிரெஞ்சு மருத்துவர் ஆன்ரி ஹார்ட்மன் குடல் புற்றுநோய்க்காகச் சொன்ன அறுவை முறை பின்னாளில் இந்த நோய்க்கும் கைகொடுத்து, மூன்றை இரண்டாக்கியது. ஒரு தாக்குதலிலிருந்து மீண்டவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு, பெல்ஃபாஸ்டில் 521 நோயாளிகளைப் பற்றி டி.ஜி. பார்க்ஸ் 1969இல் எழுதிய கட்டுரை திசைகாட்டியது. தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால் மருந்து எடுபடாது என்ற முடிவு அதிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு தாக்குதலுக்குப் பின் அறுவை என்பது விதியாயிற்று. சி.டி. காலத்துத் தரவுகளோ, குடல் வெடிப்பது பெரும்பாலும் முதல் தாக்குதலிலேயே என்று காட்டின. 2006இல் அமெரிக்கப் பெருங்குடல் அறுவை மருத்துவர்கள் சங்கம் தாக்குதல்களை எண்ணி முடிவெடுப்பதைக் கைவிட்டு, ஒவ்வொரு நோயாளியையும் தனியாகப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது.

பை இருப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு அழற்சி வரும் என்று பாடப்புத்தகங்கள் பயமுறுத்தியதும் உண்டு. கொலோனாஸ்கோபியில் பைகள் தெரிந்த 2,222 பேரைக் கலிபோர்னியாவில் பதினோரு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அழற்சி கண்டவர்கள் 95 பேர், அதாவது 4.3 சதவீதம்.

அறுவை தேவைப்படும் நிலைமைகள் இன்றும் உண்டு. போப் பிரான்சிஸுக்கு 2021 ஜூலையில் ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் குடலின் இடப்பகுதி நீக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வந்த அழற்சியால் குடல் சுருங்கிப்போயிருந்தது. 33 சென்டிமீட்டர் நீளம் எடுத்ததாகப் பின்னர் அவரே சொன்னார். பைகள் மறுபடி வந்துவிட்டன என்று 2023 ஜனவரியில் சொன்னதும் அவர்தான். வெட்டியெடுப்பது அந்த இடத்தைச் சரிசெய்யும். பைகள் உண்டாகும் தன்மை உடம்பில் அப்படியே இருக்கும்.

ஆன்டிபயாட்டிக்கின் முறை 2012இல் வந்தது. ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும், சிக்கல் இல்லாத டைவர்டிகுலைட்டிஸ் என்று சி.டி. ஸ்கேனில் உறுதியான 623 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். குடல் வெடித்தோ சீழ் கட்டியோ நிலைமை மோசமானவர்கள் இரு பக்கமும் மிகச் சிலரே: மருந்து பெறாதவர்களில் ஆறு பேர், பெற்றவர்களில் மூன்று பேர். குணமாகும் காலமும் நோய் திரும்பும் விகிதமும் ஒன்றுபோலவே இருந்தன. 2017இல் நெதர்லாந்தில் 528 பேரிடம் நடந்த சோதனையும் இதையே உறுதிசெய்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், உடல் தளர்ந்தவர்கள், வாந்தி நிற்காதவர்கள், சீழ்க்கட்டி உள்ளவர்கள், இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் லிட்டருக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் ஏறியவர்கள் ஆகியோருக்கு ஆன்டிபயாட்டிக் அவசியம். யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் மருத்துவருக்குப் படம் எடுத்துப் பார்த்ததால் வந்தது. படம் இல்லாமல் வெறும் ஊகத்தில் மருந்தை நிறுத்துவதும், ஊகத்தில் கொடுப்பதும் ஒரே தவறு.

இத்தனை சோதனைக்கும் தாக்குப்பிடித்து மிஞ்சியவை சிலவே. நார்ச்சத்துள்ள உணவு, சிவப்பிறைச்சியில் அளவு, புகையிலையை விடுவது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி. இந்த ஐந்தையும் கடைப்பிடித்தால் நோயில் ஏறத்தாழப் பாதியைத் தவிர்க்கலாம் என்று அமெரிக்க ஆண்களிடம் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. மெசலமைன் என்ற அழற்சி தணிக்கும் மாத்திரையால் மறுதாக்குதலைத் தடுக்க முடியுமா என்று இரண்டு பெரிய சோதனைகள் பார்த்தன, முடியவில்லை. ஆக, தடுப்பதற்கென்று கடையில் வாங்கும் மாத்திரை இல்லை. கெடுப்பதற்கான மாத்திரை உண்டு: இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது அழற்சி, குடல் வெடிப்பு, இரத்தப்போக்கு மூன்றின் ஆபத்தையும் கூட்டுகிறது. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் அட்டை அட்டையாக வாங்கும் நம் வழக்கத்தோடு இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒருமுறை தாக்குதல் வந்து தணிந்தவருக்கு, அண்மையில் செய்திராவிட்டால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு கொலோனாஸ்கோபி தேவை. சி.டி. படத்தில் புற்றுநோயும் அழற்சிபோல வேடமிட்டு நிற்கக்கூடும்.

இனி நம்மைப் பற்றி. தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் தினமும் வயிற்று சி.டி. எடுக்கிறார்கள், கொலோனாஸ்கோபி செய்கிறார்கள். நம்மவர் குடலில் பைகள் எந்தப் பக்கம், எந்த வயதில், எத்தனை பேருக்கு, அவர்களில் அழற்சி காண்பவர் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கான விடை அந்த அறிக்கைகளில் சிதறிக் கிடக்கிறது. சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்தே புற்றுநோய்க்குப் பதிவேடு இருக்கிறது; எந்தப் புற்றுநோய் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று அதை வைத்துப் பேச முடிகிறது. குடல் நோய்களுக்கும் அப்படி ஒன்றைத் தொடங்குவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இருக்கும் அறிக்கைகளை ஒரே வடிவில் எழுதித் திரட்டினால் போதும். அதுவரை மருத்துவமனைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் ஸ்கேனில் கண்டதை எழுதுங்கள், ஆதாரம் இல்லாத தடைகளை அதிலிருந்து நீக்குங்கள்.

கேழ்வரகும் கொள்ளும் தின்ற தலைமுறைக்கு இந்த நோயெல்லாம் கிடையாது என்று மேடையில் சொல்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். பர்கிட்டும் தன் ஊர்க்காரர்களிடம் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னார். நேர்மையான மனிதர், கூர்மையான கண். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி நின்றது, பாதி விழுந்தது. நமக்கு எந்தப் பாதி பொருந்தும் என்று இங்கிலாந்தின் கணக்கையோ உகாண்டாவின் கணக்கையோ வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்தக் கணக்கை நாமே போட வேண்டும்.